ஒத்தைக் கட்டில் பாட்டு

டர்ர்ர்... புஸ்ஸ். டர்ர்ர்... புஸ்ஸ்.

இந்தச் சத்தத்தைப் பத்திக் கேட்கத்தானே வந்தீங்க? உக்காருங்க தம்பி. நீங்க குடி வந்து நாலு நாளாகுது, உங்க வீட்டம்மா கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்குது, நானும் பார்த்தேன். நமக்கு நடுவுல இருக்கிறது ஒத்தைக்கல் சுவருங்க. இந்தப் பக்கம் தீக்குச்சி கிழிச்சால் அந்தப் பக்கம் கேட்கும். ஏதோ லேத் பட்டறை ஓடுதுன்னு நினைச்சு வீட்டுக்கார சரோஜினியம்மாகிட்டப் போய்க் கேட்டீங்களாம். அந்தம்மா சிரிச்சுட்டு, “கிட்டுகிட்டயே கேளுங்க, விலாவாரியாச் சொல்லுவான்”னு அனுப்பி வச்சாங்களாம்.

அது குறட்டைங்க. என்னுது இல்லை, சவரியோடது. சவரிமுத்து. என்கூட இருக்கிறவன். காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருக்கான், அவன் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். நானும் அவனும் இந்த லைன் வீட்டுல, இதே ஒரு அறையில பத்தொன்பது வருஷமா இருக்கிறோம். அவன் குறட்டை விடுவான்னு எனக்குத் தெரிஞ்சு நாற்பது நாள்தான் ஆகுது.

முழிக்கிறீங்க. முழிக்கத்தான் செய்வீங்க. அதுக்கு ஒரு பாட்டு எழுதின கதையைச் சொல்லணும்.

நான் கிட்டுசாமி. சிங்காநல்லூர் பக்கம் நூல் மில்லுல ராத்திரி ஷிப்ட். மிஷின்ல நூல் அறுந்தால் ஒட்டணும், ஒட்டினதும் இன்னொண்ணு அறுந்துடும், அதை ஒட்டணும். எட்டாவது பெயில். ஆனால் கவிஞர். சிரிக்காதீங்க, போர்டு மட்டும்தான் மாட்டலை. கல்யாண வாழ்த்து மடல், கடை திறப்பு விழாவுக்கு ஆட்டோவுல போடுற பாட்டு, வார்டு எலெக்சன் பாட்டு, எல்லாம் எழுதுவேன். போன எலெக்சன்ல ஒரே வார்டுல நின்ன மூணு பேருக்கும் நான்தான் எழுதினேன். மெட்டு ஒண்ணுதான். பேரையும் சின்னத்தையும் மட்டும் மாத்தினேன். மூணு பேருமே தோத்தாங்க, அதனால யாருக்கும் என் மேல வருத்தமில்லை.

சவரிக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. பம்புசெட் கம்பெனிக்கு வார்ப்பு ஊத்திக் கொடுக்கிற பவுண்டரியில பகல் வேலை. மண்ணும் புகையும் நெஞ்சுல ஏறி எப்பவும் ஒரு இருமல். மேல்வரிசையில ஒரு பல்லு கோணல். அதனால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பான்.

நாங்க முதல்ல குடியிருந்தது வேற தெரு. அங்க வீட்டுக்காரர் ஒருநாள் வாசல்ல நின்னு உள்ளே எட்டிப் பார்த்தார். “ஏனப்பா, ரெண்டு ஆம்பளைங்க, ஒரு கட்டில். இன்னொரு கட்டில் வாங்க வக்கில்லையா, இல்லை வேற ஏதாவதா?” அவ்வளவுதான் கேட்டார். ஒரு வாரத்துல காலி பண்ணிட்டு இங்க வந்தோம். வந்த அன்னிக்கே நான் ஒரு திட்டம் போட்டேன். அறிவாளி நானாச்சே.

திட்டம் இதுதாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல படுக்கக் கூடாது. அவன் காலையில ஏழே முக்காலுக்குக் கிளம்பி சாயங்காலம் ஆறே காலுக்கு வருவான். நான் ஆறே முக்காலுக்குக் கிளம்பி காலையில ஏழே காலுக்கு வருவேன். காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. ராத்திரி கட்டில் அவனுக்கு, பகல்ல எனக்கு. எனக்குப் புதன்கிழமை லீவு. அன்னிக்கு ராத்திரி ஒரு கல்யாண மண்டபத்துல மாத்து வாட்ச்மேன். அந்த அளவுக்குத் துல்லியம்! அவனுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. கோயிலுக்குப் போயிட்டு வந்து, கதவை விரியத் திறந்து வச்சுட்டு எல்லாரும் பார்க்க வாசல்ல உக்காந்திருப்பான், நான் உள்ளே தூங்குவேன். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ்னா அவனவன் அவனவன் ஊருக்கு. எவன் என்ன பேச முடியும் சொல்லுங்க? பூட்டுன்னா பூட்டு, அப்படி ஒரு பூட்டு.

காலையில நான் வர்றப்ப அவன் குளிச்சு, மத்தியானச் சோறு வடிச்சு வச்சுட்டு, திரும்பவும் கட்டில்ல போர்த்திப் படுத்திருப்பான். வேலைக்குப் போகற மனுசன் குளிச்சுட்டு மறுபடி படுப்பானா? சோம்பேறிப் பயன்னு திட்டுவேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் எந்திரிப்பான். நான் வாங்கிட்டு வந்த இட்லியைத் தின்னுட்டு, சட்டையை மாட்டிக்கிட்டே தினமும் ஒரே வார்த்தைதான் சொல்லுவான்: “சூடு ஆறறதுக்குள்ள படுத்துக்க.” நானும் படுத்துக்குவேன். கதகதன்னு இருக்கும். ராத்திரி பூரா நின்ன காலு அப்படியே கரையும்.

இப்படிப் பத்தொன்பது வருஷம். நான் பட்ட பாட்டை நினைச்சுப் பாருங்க. வாழ்நாள் பூரா ராத்திரி முழிச்சது யாரு? நான். தியாகம்னா அதுதான் தியாகம். அப்படித்தான் நான் நினைச்சுட்டிருந்தேன்.

அப்பத்தான் பாட்டு வந்துச்சு.

மில் கேட்டுக்கு எதிர்ல இட்லிக் கடை வச்சிருக்கிற யாழினியைப் பார்த்திருப்பீங்க. திருநங்கை. ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க பாதிப்பேருக்குக் காலைச் சாப்பாடு அவ கையிலதான். ஒருநாள் பார்சல் கட்டிக்கிட்டே கேட்டா.

“கிட்டண்ணா, ஒரு பாட்டு வேணும்.”

“கடைக்கு விளம்பரமா?”

“அட இல்லீங்ணா. அடுத்த மாசம் பேரணி போறோம். என்னை மாதிரி திருநங்கைங்க, திருநம்பிங்க, ஆம்பளையை விரும்பற ஆம்பளைங்க, பொம்பளையை விரும்பற பொம்பளைங்க, எல்லாரும். வருசா வருசம் இந்திப் பாட்டும் இங்கிலீஷ் பாட்டும் போட்டுட்டு நடக்கறோம். பாக்கறவங்க ஏதோ சேட்டு வீட்டுக் கல்யாண ஊர்வலம்னு ஒதுங்கி வழிவிடறாங்க. நம்ம பாஷையில ஒண்ணு வேணும்.”

“அதுக்கு நான் எதுக்கு?”

“உங்களுக்குத்தான் வரும்.” அதைச் சொல்றப்ப என்னை ஒரு மாதிரி, கொஞ்சம் அதிக நேரம் பார்த்தா. நம்ம பேர் அந்த அளவுக்குப் பரவியிருக்குதுன்னு எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போச்சு.

“பட்ட கஷ்டம் வரணும். எங்களை நாங்களே ஏத்துக்கிட்டது வரணும். நாளைக்கு நல்லா இருப்போம்கற நம்பிக்கையும் வரணும்.”

“மூணு சரணம்” என்றேன், டெய்லர் அளவெடுக்கிற மாதிரி.

ஒரே வாரத்துல எழுதிட்டேன். ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில அவங்க கூட்டம். பன்னிரண்டு பேர் இருந்தாங்க. நிலோபர்னு ஒரு பொண்ணு, பேங்க்ல கேஷியர், அதுதான் எல்லாத்தையும் முன்னே நின்னு நடத்துச்சு. நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தாளம் தட்டிப் பாடினேன்.

“சங்கிலி உடைப்போம்! சரித்திரம் படைப்போம்!
வீறுகொண்டெழுவோம்! விடியலை அடைவோம்!”

யாருமே கை தட்டலை. யாழினிதான் மெதுவாக் கேட்டா. “அண்ணா, இது பூட்டு சாவிச் சின்னத்துப் பாட்டுதானே? போன எலெக்சன்ல ஆட்டோவுல வந்துச்சே?”

“மெட்டு மட்டும்தான் அது.”

“சரித்திரம் படைப்போம்கறதும் வந்துச்சுங்களே” என்றது நிலோபர்.

“அது பொதுச்சொத்துங்க. யார் வேணும்னாலும் படைக்கலாம்.”

சரின்னு அடுத்த புதன்கிழமை வேற ஒண்ணு கொண்டு போனேன். இது சோகம். ‘பாவியாய்ப் பிறந்தேனோ, பாதியாய்ப் பிறந்தேனோ’ன்னு ஆரம்பிச்சு நாலு பக்கம். பாடறப்ப மூணாவது பக்கத்துல மூக்கைச் சிந்தினேன். நிமிர்ந்து பார்த்தால் அழுதது நான் ஒருத்தன்தான்.

நிலோபர் தண்ணி பாட்டிலை நீட்டுச்சு. “அண்ணா, அழறதுக்கு எங்களுக்கு வீடு இருக்கு. ரோட்டுக்குப் போயும் அழணுமா?”

“போலீசுல பர்மிசன் வாங்கிட்டுப் போய் அழுவாங்களா யாராச்சும்?” என்றா யாழினி. எல்லாரும் சிரிச்சாங்க. நான் நோட்டை மடிச்சேன்.

கிளம்பறப்ப நிலோபர் படிக்கட்டு வரைக்கும் வந்துச்சு. “அண்ணா, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா, எங்களை மாதிரி?”

“ஒருத்தர் இருக்கார்” என்றேன். “ரொம்பத் தூரத்துப் பழக்கம்.”

பின்னாலேயே வந்த பத்துப் பேரும் ஒரே நேரத்துல அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாங்க. மின்விசிறி ஓடவே இல்லை. அது அப்ப எனக்கு உறைக்கலை.

“அவங்க காலையில எந்திரிச்சு என்ன பண்றாங்கன்னு மட்டும் எழுதிட்டு வாங்க. பெருசா எதுவும் வேண்டாம்.”

அந்த வாரம் பூரா ஒரு வரி வரலை. எனக்கு வாய் கூசுச்சு தம்பி. உலகத்துல யாருக்கு வேணும்னாலும் எழுதின கை, ‘ஒருத்தன்’னு எழுதிட்டு அடுத்த வார்த்தைக்கு நகர மாட்டேங்குது. புதன்கிழமை மத்தியானம், தூங்காம, இதே கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு ஒரே மூச்சுல எழுதினேன். முழுசும் சொல்லலை, கொஞ்சம் சொல்றேன்.

“ஒருத்தன் எழுந்தான் ஒருத்தன் படுத்தான்
ஒத்தைக் கட்டில் ஆறவில்லே
ஊரு கேட்டா என்ன சொல்ல
உறவுக்கு இன்னும் பேருமில்லே

கோணப் பல்லுன்னு வாய மூடிச் சிரிச்சேன்
கொஞ்சங் கொஞ்சமாக் கையை எடுத்தேன்
சிரிப்பு என்னோட சிரிப்பு தானே
திருத்தி எழுத அதுல ஒண்ணுமில்லே

ஒருநா ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் பசிக்கும்
ஒரே சோத்தை ஒண்ணாத் தின்போம்
அதுவரைக்கும் என் சாமி
சூடு ஆறும் முன்னே படுத்துக்கோ”

கடைசி வரிதான் பல்லவி. திரும்பத் திரும்ப வரும். மாடியில பாடி முடிச்சேன். யாழினி முந்தானையைப் பல்லுல கடிச்சுட்டு நின்னா. நிலோபர்தான் கேட்டுச்சு. “அந்தக் கடைசி வரி, நீங்களா யோசிச்சதாண்ணா?”

“ஆமா” என்றேன். திருட்டுப் பயல்.

பேரணி ஒரு ஞாயித்துக்கிழமை. வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எனக்கு வேலை இருக்குதுன்னேன். அப்புறம், உச்சரிப்பு சரியா இருக்குதான்னு சோதிக்க வேண்டியது கவிஞனோட கடமை இல்லையான்னு தோணுச்சு. போனேன். கூட்டத்துல இல்லை, கூட்டத்துக்கு எதிர் நடைபாதையில. தலையில ஹெல்மெட். நான் வச்சிருக்கிறது சைக்கிள். ஹெல்மெட் இரவல். வேகாத வெயில்ல ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு நடந்து போற ஒரே ஆளு அந்த ரோட்டுலேயே நான்தான். ஒளியறதுக்குப் போட்டது, ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. ஒரு போலீஸ்காரர், “வண்டியை எங்கப்பா தொலைச்சே?”ன்னு கேட்டார்.

ஆனால் ஒண்ணு. முந்நூறு பேர் சேர்ந்து ‘கோணப் பல்லுன்னு வாய மூடிச் சிரிச்சேன்’னு பாடறப்ப, பாதிப்பேர் வாயைப் பொத்தி, அப்புறம் கையை எடுத்துட்டுச் சிரிச்சாங்க. யார் சொல்லிக் கொடுத்தது? நான் ஆடிக் காட்டலையே அதை. நானும் பாடினேன் தம்பி, ஹெல்மெட்டுக்குள்ள. என் குரல் எனக்கே திரும்பி வந்து காதுல மோதுச்சு. ஏத்துக்கிட்டேன்னு எழுதறது சுலபம். அந்த ஹெல்மெட்டுக் கொக்கியைக் கழட்டத்தான் கை வரலை.

யாரோ படம் பிடிச்சு விட்டுட்டாங்க. ரெண்டே நாள்ல எல்லார் போன்லயும் பாட்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறே காலுக்குச் சவரி வந்தான். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்கலை. கையிலேயே பிடிச்சுக்கிட்டு நின்னான்.

“பவுண்டரில ஒரு பாட்டு போட்டாய்ங்க.”

என் புத்தியைக் கேளுங்க. “எப்படி இருந்துச்சு?”ன்னு கேட்டேன்.

“நல்லாருக்குன்னாய்ங்க.”

“எந்த வரியை?”

“கிட்டு, அது நா உங்கிட்டச் சொன்னது.”

“ஆமா, அதுக்கென்ன இப்ப? வேணும்னா உன் பேரையும் போடச் சொல்றேன். கருத்து உதவின்னு.”

அவன் என்னையே பார்த்தான். “நா அதப் பாட்டுக்குச் சொல்லல. உனக்குச் சொன்னேன்.”

பயப்படறான்னு நினைச்சேன். “யாருக்கும் தெரியாதுடா. நம்ம பேரு எங்கயும் இல்லை. இத்தனை வருஷம் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்திருக்கோம்?”

“அத விடு. பத்தொம்போது வருசமா நீ சூட்டுல படுத்த. நா எதுல படுத்தேன்னு ஒருநா கேட்டிருக்கியா?”

இதுக்கு ஒரு மனுசன் என்ன பதில் சொல்லணும்? நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? “மெத்தை வேணும்னா முன்னயே சொல்லியிருக்கலாமே. இலவம்பஞ்சுல ஒண்ணு தைச்சுத் தரச் சொல்றேன்.”

வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். சிரிப்பில்லை அது. மணி ஆறே முக்கால். ஷிப்ட்டுக்கு நேரமாச்சுன்னு நான் கிளம்பிட்டேன். ஆமாங்க, கிளம்பிட்டேன்.

மறுநாள் ஏழே காலுக்கு இட்லியோட வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. போர்வை மடிச்சு வச்சிருந்துச்சு. அவன் பையைக் காணோம். அக்கா வீட்டுக்குப் போறேன்னு பால் கணக்கு எழுதற அட்டையில ரெண்டு வார்த்தை. கட்டில்ல படுத்தேன். ஜில்லுன்னு ஏதோ தரையில படுத்த மாதிரி. இடம் மாறிப் படுத்தேன். அவன் குளிக்க எந்திரிச்சதுமே கட்டில் ஆறியிருக்கணுமே, நான் வர்றப்ப தினமும் எப்படிச் சூடா இருந்துச்சுன்னு அப்பத்தான் ஒரு யோசனை ஓடுச்சு. அதை மேற்கொண்டு யோசிக்கப் பயந்துக்கிட்டு எந்திரிச்சுட்டேன்.

யாழினி கடைக்குப் போனேன். “பாட்டை நிறுத்து. என் நண்பர் ஒருத்தருக்குச் சிக்கல்.”

“எந்த நண்பர்?”

“உனக்குத் தெரியாது.”

“சவரியண்ணனா?”

“எந்தச் சவரி?” என்றேன்.

சாம்பார்க் கரண்டியை வச்சுட்டு இடுப்புல கையை ஊனினா. “எந்தச் சவரியா? பத்து வருசமா தினமும் உங்களுக்கு மூணு இட்லி, அவருக்கு நாலு இட்லி, காரச் சட்னி தனியாக் கட்டறேன். எனக்குத் தெரியாதா எந்தச் சவரின்னு? பாட்டுக்கு ஏண்ணா உங்களைத் தேடி வந்தேன்னு நினைச்சீங்க?”

“நல்லா எழுதுவேன்னு.”

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதறது ரொம்பச் சுமார்ண்ணா. உள்ளே இருக்கிறதை எழுதினா நல்லா வரும்னுதான் வந்தோம்.”

தம்பி, எங்க விஷயம் வெளியே தெரிஞ்சுபோச்சேங்கறது எனக்கு அப்ப ரெண்டாவதுதான். ‘ரொம்பச் சுமார்’னாளே, அதுதான் முதல்ல குத்துச்சு. கவிஞன் பாருங்க.

“வேற யாருக்கெல்லாம் தெரியும்?”

“உங்க லைன் வீட்டுக்கே தெரியும்ணா.”

நம்பலை. நேரா வந்தேன். சரோஜினியம்மா வாசல்ல உக்காந்து புளி கொட்டை எடுத்துக்கிட்டிருந்தாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, “என்ன கிட்டு, சவரி கோவிச்சுட்டுப் போயிட்டானா? பாட்டுனாலயா?” என்றாங்க.

“உங்களுக்கு... பாட்டு...”

“காலையில வாசல் தெளிச்சுட்டு நிக்கறப்ப தினமும் காதுல விழுகறதுதானே? எம்பையன் போன்ல போட்டுக் காட்டினான். ‘சூடு ஆறும் முன்னே’ன்னு வந்ததுமே சொல்லிட்டேன், இது நம்ம சவரி பேச்சாச்சேன்னு.”

“தெரிஞ்சுமா காலி பண்ணச் சொல்லலை?”

“எதுக்குச் சொல்லோணும்? குடிச்சுட்டுக் கத்துனீங்களா, குழாய்ல சண்டை போட்டீங்களா? உம்மேல எங்களுக்கு ஒரே ஒரு குறைதான்.”

“என்னங்கம்மா?”

புளியை வச்சுட்டு என்னை நேராப் பார்த்தாங்க. “அந்தப் புள்ளையைத் தனியாப் போட்டுட்டு ராத்திரியானா ஓடிர்றியே, அது நியாயமா? மனசு ஒத்து வரலைன்னா பேசித் தீத்துக்கோணும். இல்லீன்னா விட்ரோணும். ஒத்தையில இருமிட்டுக் கெடக்கறான். லீவு நாள்லகூட எங்கியோ வாட்ச்மேன் வேலைன்னு போயிர்றே. லைன்ல பொம்பளைங்க உன்னை வையாத நாளில்லை. கல்லு மனசுக்காரன்னுதான் உனக்குப் பேரே.”

பாருங்க தம்பி. ஊருக்குப் பயந்து நான் பத்தொன்பது வருஷம் காவல் காத்தேன். ஊரு என்னன்னா, எங்களைச் சேர்ந்து வாழறவங்கன்னு முதல் மாசமே ஒத்துக்கிட்டு, அப்புறம் நான் அவனோட வாழலைன்னு என்மேல வருத்தமா இருந்திருக்குது.

மறுநாள் மில்லுல சூப்பர்வைசர் முன்னாடி போய் நின்னேன். பகல் ஷிப்ட் வேணும்னேன்.

“உனக்கா? உன்னை வெயில்ல பார்த்தவங்களே கிடையாதேப்பா. ஏன் திடீர்னு?”

சுகர் இருக்குது, கண்ணு தெரியலைன்னு ஒரு பொய்யை நல்லாத் தயார் பண்ணி வச்சிருந்தேன். எதுகை மோனையோட. வாயில வந்தது வேற. “வீட்டுல அவர் தனியா இருக்கார்.”

“யாரு?”

“என்கூட வாழறவர். சவரிமுத்துன்னு பேரு.”

சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். சங்கிலி எதுவும் உடையலைங்க. ரெஜிஸ்தர்ல பேனா கீறற சத்தம்தான் கேட்டுச்சு. “ஞாயித்துக்கிழமை லீவு போட்டுக்கறயா?” என்றார். அவ்வளவுதான். வெளியே வந்தேன். கேன்டீன்ல ரெண்டு டீ வாங்கி ரெண்டையும் நானே குடிச்சேன்.

சவரிக்குப் போன் பண்ணினேன். எடுத்தான். இருமல்தான் கேட்டுச்சு.

“பகல் ஷிப்ட்டுக்கு மாறிட்டேன்.”

“ஏன், நைட்டுக்கு வேற ஆளப் போட்டாய்ங்களா?”

“நானாக் கேட்டேன். காரணம் கேட்டார். உன் பேரைச் சொன்னேன்.”

“பேர மட்டுமா?”

“பேருக்கு முன்னாடி இன்னொண்ணும் சொன்னேன்.”

“சரி வையி”ன்னு வச்சுட்டான்.

வருவேன்னு சொல்லலை. மூணு நாள் போச்சு. பகல் ஷிப்ட்டுக்குப் போயிட்டு வந்து, இருட்டினால் என்ன செய்யணும்னே தெரியாமச் சுவரைப் பார்த்து உக்காந்திருந்தேன். நாற்பது நாளைக்கு முந்தின அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு முதல் லீவு. காலையில பின்னாடி துவைகல்லுல பவானி ஜமுக்காளத்தை ஊறப் போட்டு அலசிக்கிட்டிருந்தேன். நனைஞ்ச ஜமுக்காளம் செத்த எருமை மாதிரி கனக்கும். ஒரு முனையைக் குழாய்ல சுத்தி மறுமுனையை முறுக்கிப் பார்க்கிறேன், குழாய்தான் ஆடுது.

“குழாயப் புடுங்கிப்புடாத.”

திரும்பினேன். பையோட நிக்கறான். பஸ்ஸுல வந்த கசங்கல் அப்படியே இருக்குது.

“எல்லாருக்கும் தெரியுமாம்டா” என்றேன். “சரோஜினியம்மா, யாழினி, எல்லாருக்கும்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அவகளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஆறாவது வருசமே அந்தம்மா கேட்டுச்சு, ஏம்ப்பா அவன் உன்னோட சரியில்லையான்னு.”

துவைகல்லு மேலேயே உக்காந்துட்டேன். “பின்ன ஏண்டா எங்கிட்டச் சொல்லலை?”

பையைக் கீழே வச்சான். “நீ பாட்டுக்கு ஊரு ஊருன்னுக்கிட்டு ஓடுன. ஊரு ஒண்ணும் சொல்லலன்னு நாஞ் சொல்லி, அப்பவும் நீ நைட்டுக்கே போனீன்னா?” கொஞ்சம் இருமினான். “அதுக்கு நா சொல்லாமயே இருந்துக்கிட்டேன்.”

இதுக்கும் ஏதாவது முட்டாள்தனமாச் சொல்லிருவேனோன்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். தண்ணி குழாய்ல இருந்து போயிட்டே இருந்துச்சு. அவன்தான் வந்து அடைச்சான்.

“அந்த வரியை எடுத்துரச் சொல்லிட்டேன்” என்றேன், கடைசியில.

“எடுத்துட்டா அப்பறம் பாட்டுல என்ன இருக்கு?”

“மத்ததெல்லாம்...”

“மத்ததெல்லாம் சுமாருதான். இருக்கட்டும், விடு.”

சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு ஜமுக்காளத்தோட ஒரு முனையைத் தூக்கினான். நான் எந்திரிச்சு மறுமுனையைப் பிடிச்சேன். முறுக்கினோம். நான் வலப்பக்கம், அவன் இடப்பக்கம். ஜமுக்காளம் சும்மா உருண்டுச்சே தவிர ஒரு சொட்டுத் தண்ணி இறங்கலை.

“நீயும் சோத்துக்கைப் பக்கமா முறுக்குடா” என்றேன்.

அவன் கையை மாத்திப் பிடிச்சான். தண்ணி கொட்டுச்சு. இன்னும் கொஞ்சம் பின்னால போய் நின்னு, திரும்ப ஒரு தடவை முறுக்கினோம்.